கை மரத்துப்போனால்: பட்டையா, ஊசியா, கத்தியா?

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் பேசினால், ராத்திரி தூக்கத்தில் கை மரத்துப்போய், எழுந்து உட்கார்ந்து உதறுவதாகச் சொல்பவர்கள் உண்டு. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் எரியும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. இதுதான் கார்பல் டனல். மணிக்கட்டுக்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் ஒரே குறுகிய வழியாகப் போகின்றன. அங்கே இடம் நெருக்கினால் நரம்பு நசுங்கும்.

மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை ராத்திரி மட்டும் கட்டினால் போதும், செலவு குறைவு. ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் கேட்கும். 2018-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஆறாவது வாரம் ஊசிதான் முந்தியது. ஆறாவது மாதம் இரண்டும் சமம்.

அறுவை சிகிச்சையில், அந்தக் குறுகிய வழிக்குக் கூரைபோல் இருந்து நரம்பை அழுத்தும் நாரை வெட்டிவிடுகிறார்கள். 2002-ல் நெதர்லாந்தில் 176 பேரிடம் பார்த்தபோது, 18 மாதம் கழித்து அறுவை செய்தவர்களில் 90 சதவீதமும் பட்டையில் தொடங்கியவர்களில் 75 சதவீதமும் தேறியிருந்தார்கள். அப்போ கத்திதான் ஜெயித்ததா? அவசரப்பட வேண்டாம். தனக்கு எது செய்தார்கள் என்று அவரவருக்குத் தெரியும். "ஆபரேஷன் ஆகிவிட்டது" என்ற நம்பிக்கைக்கே ஒரு பலன் உண்டு. அதே 2002-ல் அமெரிக்காவில் முழங்கால் தேய்மானத்துக்கு உண்மையான ஆர்த்ராஸ்கோப்பியையும் (சிறு துளை வழியாகக் கருவி விட்டுச் செய்யும் அறுவை), தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையையும் ஒப்பிட்டார்கள். வலியில் வித்தியாசமே இல்லை.

கையிலும் அப்படிச் சோதிக்கத்தான் வேண்டும் என்பேன். தோலைக் கீறிவிட்டு உள்ளே தொடாமல் தைப்பது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். எது கிடைக்கும் என்று தெரியாது என்பதை முன்பே சொல்லி, சம்மதம் வாங்கித்தான் செய்வார்கள். நரம்பு நசுங்குவது கண்கூடான காரணம். அதனால் இங்கே அறுவை ஜெயிக்கும் என்றே நினைக்கிறேன். எவ்வளவு வித்தியாசத்தில் என்பதுதான் கேள்வி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்குக் கையில் தையலோடு போகும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம். தொழுநோயால் மடங்கிய விரல்களை டாக்டர் பால் பிராண்ட் அறுவை செய்து நிமிர்த்திய வேலூரில், இப்படி ஓர் ஆய்வு நடந்தால் பொருத்தமாக இருக்கும்.

அதுவரை, மரத்துப்போவது வந்து வந்து போகிறதென்றால் முதலில் பட்டை, அப்புறம் ஊசி. விரல்கள் எந்நேரமும் மரத்தே கிடந்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை வற்றியிருந்தாலோ கதை வேறு. அவர்கள் பட்டை கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே கை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.