வால்வு ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கி: சோக் முன்னதா, மின்தேக்கி முன்னதா?

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயருக்குச் சொந்தமாக மின்வழங்கி கட்டுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஏசி எனும் மாறுமின்சாரத்தை டிசி எனும் நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரை அடுத்து, மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்தேக்கியை வைப்பதா, மின்னோட்ட மாற்றத்தைத் தடுக்கும் கம்பிச்சுருளான சோக்கை வைப்பதா என்பதே. இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் இ.எல்.34 வால்வு கொண்டு, 350 வோல்ட்டில் மொத்தம் 150 மில்லிஆம்பியர் எடுக்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு நான் சோக்கைத் தேர்ந்தேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மின்தேக்கி முன்னே வரும் அமைப்பின் நன்மைகள் பலரும் அறிந்தவை: எடை குறைவு, செலவு குறைவு, சுமார் 290 வோல்ட் மின்மாற்றிச் சுருளிலிருந்தே 350 வோல்ட் டிசி கிடைத்துவிடும். சோக் முன்னே வந்தால் சுருளின் வோல்ட்டில் 0.9 பங்குதான் கிடைக்கும், ஜி.இசட்.34 ரெக்டிஃபையர் வால்விலும் சோக்கின் கம்பியிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 420-0-420 வோல்ட் மின்மாற்றி (நடு இணைப்பின் இருபுறமும் 420 வோல்ட் பாதிச் சுருள் கொண்டது) தேவைப்படுகிறது. ரெசிஸ்டரும் வால்வு சாக்கெட்டும் சிங்கப்பூரின் சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் தேடலாம்; இத்தகைய மின்மாற்றியைப் பெரும்பாலும் சொல்லித்தான் செய்விக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சோக்கைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒலியன்று, சூடு. சுமை கூடினாலும் வோல்ட் சரியாது என்பதே சோக்குக்கு வழக்கமாகச் சொல்லப்படும் புகழ். ஆனால் என்னுடையதைப் போன்ற கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர் எப்போதும் ஏறக்குறைய ஒரே மின்னோட்டத்தை எடுப்பதால் அந்தப் புகழுக்கு இங்கே அதிக வேலையில்லை. குளிர்சாதனம் ஓடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில், பிற்பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய கருவி இது. மின்தேக்கி முன்னே இருந்தால், அலையின் உச்சியில் வரும் மிகச் சிறிய இடைவெளியில்தான் அது நிரம்ப முடியும். அதனால் மின்மாற்றி உயர்ந்த துடிப்புகளாக மின்னோட்டத்தைத் தர நேர்ந்து, ஒவ்வொரு பாதிச் சுருளிலும் ஆர்எம்எஸ் அளவு (சூட்டை நிர்ணயிக்கும் பயனளவு) டிசி மின்னோட்டத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ ஆகிவிடுகிறது. சோக் மின்னோட்டத்தைச் சீராக இழுப்பதால் அந்த அளவு 0.7 பங்குக்கு இறங்குகிறது. சுருளின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் வித்தியாசம் பெரிது. 420 வோல்ட் சுருளில் கம்பி நீளம் கூடுவதால் இந்த ஆதாயத்தில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மின்தேக்கியின் ஆயுளும் இதே கணக்கில்தான் வருகிறது. 10 டிகிரி சூடு ஏறினால் உள்ளே திரவம் கொண்ட எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொது விதி. அதே 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில், சோக் இல்லாதபோது சுமார் 9 வோல்ட்டாக இருக்கும் சிற்றலை (டிசியில் எஞ்சும் ஏற்ற இறக்கம்), முன்னே 10 ஹென்றி சோக் வந்தால் 1 வோல்ட் அளவுக்குக் குறைகிறது. ஆகவே பெரிய எலக்ட்ரோலிட்டிக்கைத் தவிர்த்து, குளிர்சாதனக் கருவிகளின் மோட்டார்களுக்குப் பயன்படும் 440 வோல்ட் ஏசி ஃபிலிம் மின்தேக்கியை வைத்தேன். அதற்குள் உலர்ந்துபோகத் திரவம் இல்லை. அந்த 1 வோல்ட்டும் ஒலிபெருக்கியில் இரைச்சலாகக் கேட்கும் என்பதால் இரண்டாவதாக ஒரு சிறிய சோக்கும் மின்தேக்கியும் அவசியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சோக் கண்டிப்பானது. சிங்கப்பூரின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், சுமையின் ஓம் அளவை 940 ஆல் வகுத்தால் வரும் ஹென்றியை விடச் சோக் சிறியதாக இருக்கக் கூடாது. திருப்பிச் சொன்னால், 350 வோல்ட்டில் 10 ஹென்றி சோக்குக்குக் குறைந்தது 37 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு 36 வாட் டியூப் லைட்டின் பழைய சோக் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒரு ஹென்றியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். சுமையே இல்லாமல் போனால் வோல்ட் 590ஐத் தாண்டி ஏறும். அதைத் தடுக்க அந்த 37 மில்லிஆம்பியரையும் தானே எப்போதும் எடுக்கும் பிளீடர் ரெசிஸ்டர் வைத்தால் 13 வாட் வீண் சூடு. ஜி.இசட்.34 மெதுவாகச் சூடேறி, மற்ற வால்வுகள் மின்னோட்டம் எடுக்கத் தொடங்கும் வேளையில்தான் வோல்ட்டை ஏற்றுவதாலும், என் மின்தேக்கிகள் அந்த உச்சத்தைத் தாங்குவதாலும் சிறிய பிளீடரோடு நிறுத்திக்கொண்டேன். சிலிக்கான் டையோடு பயன்படுத்துவோர் அப்படிச் செய்யக் கூடாது.

இரு வால்வுகள் மாறி மாறி உழைக்கும் புஷ்-புல் கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயரில் மின்னோட்டம் ஏறி இறங்குவதால், வோல்ட் சரியாமை அங்கே உண்மையான பலன் தரும். நான் அத்தகையதைக் கட்டியதில்லை என்பதால் எவ்வளவு தரும் என்று அளந்து சொல்ல இயலாது. இடமும் செலவும் இடிக்கிறவர்கள் மின்தேக்கி வழியிலேயே போகலாம், ஜி.இசட்.34 வைத்தால் முதல் மின்தேக்கி 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.