கல்யாணத் தயாரிப்பு: மூன்று நாள் வகுப்பா, பங்கிலேயே உட்கார்ந்து பேசுவதா?

நிச்சயம் முடிந்த கையோடு வீட்டில் மண்டபம், சமையல், புடவை என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஃபாதர் கேட்பது வேறு: "தயாரிப்பு வகுப்பை எங்க முடிக்கப் போறீங்க?" தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்க ஜோடிகளுக்குப் பெரும்பாலும் மூன்று வழி. பல பங்குகளை, அதாவது ஊர்க் கோயில்களை, சேர்த்து நடத்தும் மூன்று நாள் பொது வகுப்பு ஒன்று. ஓசூரில் குடியிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், அங்கேயே ஏதாவது ஒரு கோயிலில் சனி, ஞாயிறில் முடிப்பது இன்னொன்று. மூன்றாவது, சொந்தப் பங்கிலேயே ஃபாதரோடும் அவர் கைகாட்டும் ஒரு மூத்த தம்பதியோடும் சாயங்கால வேளைகளில் உட்காருவது. நாங்கள் எடுத்தது மூன்றாவது. அதனால் நான் அந்தப் பக்கம்தான் பேசுவேன், தெரிந்தே படியுங்கள்.

எங்கே படித்தாலும் சில வேலைகள் மாறாது. புதிதாக எடுத்த திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழ் வேண்டும். இரண்டு பேருடைய பங்கிலும் ஞாயிறு பூசையில் மூன்று ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு மூன்று முறை, வாசிக்க வேண்டும். பெண்ணையும் பையனையும் தனித்தனியாக உட்கார வைத்து, யாரும் வற்புறுத்தவில்லையே என்று ஃபாதர் கேட்டு எழுதிக்கொள்வார். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்தில் இரண்டு மாவட்டமும் அடங்கும் என்பதால், ஓசூர் பையனுக்கும் தருமபுரிப் பெண்ணுக்கும் ஒரே ஆயர் (பிஷப்) தான். காகிதம் நகர்வது சுலபம்.

பொது வகுப்புக்கு என் அண்ணன் போனான். டாக்டர் வந்து மாதச் சுழற்சியையும் இயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டையும் படம் போட்டு விளக்கினார், வக்கீல் சட்டம் சொன்னார், ஒரு சிஸ்டர் ஜெபம் பற்றிப் பேசினார். இவ்வளவையும் ஒரு பங்கு ஃபாதர் தனியாகச் சொல்லித் தர முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கையோடு சான்றிதழும் கிடைத்துவிடும். ஆனால் பெண்கள் ஒரு வரிசை, பையன்கள் ஒரு வரிசை. டீ நேரத்தில் மட்டும் ஜோடி ஜோடியாக நின்றார்களாம். பெங்களூர் வகுப்பும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு வசதி, லீவு போட வேண்டாம். அந்தச் சான்றிதழை இங்கே ஏற்பார்களா என்று பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுவிடுங்கள்.

என் கணக்கில் தீர்மானிக்கிற விஷயம் ஒன்றே ஒன்று: கட்டிக்கொள்ளப் போகிற இரண்டு பேரும் வாயைத் திறந்தார்களா? நம் பக்கம் பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணம்தான் அதிகம். நிச்சயத்துக்குப் பிறகு போனில் மணிக்கணக்காகப் பேசுவோம். சாப்பிட்டியா, தூங்கினியா, என்ன கலர் புடவை. சம்பளத்தைப் பற்றி மட்டும் பேச்சு வராது.

ஃபாதர் எங்களை அனுப்பிய மூத்த தம்பதியை அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவோம்; அண்ணன் ரிட்டயர்ட் வாத்தியார், அக்கா சத்துணவு மையத்தில் வேலை பார்த்தவர். புத்தகம் எதுவும் எடுக்கவில்லை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்தார் அக்கா. "சம்பளம் வந்த அன்னைக்கு முதல்ல யாருக்குப் போகுது? ஒருத்தரை ஒருத்தர் பாக்காம எழுதுங்க" என்றார். நான் வண்டி டியூவும் அம்மாவுக்குக் கொடுப்பதும் எழுதினேன். அவள் எழுதியதில் முதல் வரி தம்பியின் காலேஜ் ஃபீஸ், இரண்டாவது நகைக் கடன் வட்டி. எனக்கு அந்தக் கடன் இருப்பதே தெரியாது. "கல்யாணத்துக்கு அப்புறமும் தம்பி ஃபீஸை நீ கட்டலாமா கூடாதான்னு இவன்கிட்ட கேளும்மா, என்கிட்ட கேக்காத" என்று அக்கா சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணனும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். நாங்கள் அப்போதுதான் பேசினோம். படிப்பு முடியும்வரை அவள் கட்டுவது, நகையை இரண்டு பேரும் சேர்ந்து மீட்பது என்று முடிவானது.

அடுத்தடுத்த உட்காரல்களில் சிப்காட்டில் எனக்கு சி ஷிஃப்ட், ஆஸ்பத்திரியில் அவளுக்கு நைட் டியூட்டி வந்தால் வீட்டில் யார், அம்மாவை ஓசூருக்கு அழைத்துவருவதா, மாந்தோப்பை யார் பார்ப்பது என்று போனது. நூறு பேர் உட்கார்ந்த ஹாலில் மைக்கில் கேட்கிற கேள்விகளா இவை? இன்னொன்று, வகுப்பு எடுத்தவர்கள் அன்றோடு போய்விடுவார்கள். அக்கா வீடு நாலு தெரு தள்ளி இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் பெரிய சண்டை வந்தபோது அவள் போன் போட்டது அங்கேதான், எங்கள் இரண்டு அம்மாக்களுக்கும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. எல்லாப் பங்கிலும் அப்படி ஒரு தம்பதி அமைவார்களா என்றால் உறுதி சொல்ல மாட்டேன். வாய் நீளமானவர்களாக அமைந்தால் உங்கள் நகைக் கடன் அடுத்த ஞாயிறே கோயில் வாசலில் அலசப்படும். அப்படிச் சந்தேகம் இருந்தால் பொது வகுப்பே மேல். டாக்டர் சொல்லும் பகுதி எங்களுக்கும் விட்டுப்போனது, அதற்கு அவளுடைய ஆஸ்பத்திரி அனுபவம்தான் கைகொடுத்தது. இரண்டு பேரும் வெளியூரில் இருந்தாலும் இந்த வழி ஓடாது.

ஒருவர் கிறிஸ்தவர் இல்லையென்றால் ஆயரிடம் விலக்கு, அதாவது தனி அனுமதி, வாங்க வேண்டும், கத்தோலிக்கத் தரப்பு பிள்ளைகளின் திருமுழுக்கு பற்றி வாக்குறுதி தர வேண்டும். நான் பார்த்தவரை அந்த ஜோடிகளுக்கு ஃபாதரோடு தனியாக உட்காருவதுதான் தோது, ஆனால் பார்த்தது ஒன்றிரண்டு பேரைத்தான். எந்த வழியானாலும் தவக்காலத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) முன் கல்யாணம் என்றால் கிறிஸ்துமஸுக்கு முன்பே ஃபாதரைப் பாருங்கள். பொங்கல் கழிந்தால் எல்லாரும் அவர் வாசலில்தான் நிற்பார்கள்.