பாஸ்டனில் கடலில் கொட்டிய 5 தேயிலை: டப்பா செட் எப்படி?

அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது, 1773 டிசம்பர் 16 இரவு, வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அன்று போன ஐந்து ரகத்தையும் சின்னத் தகர டப்பாக்களில் அடைத்து ஒரே பெட்டியாக விற்கிறார்கள். இந்த மாதிரி செட் பலரும் போடுகிறார்கள். இங்கே பார்ப்பது தலா 20 கிராம் வீதம் 5 டப்பா உள்ளது. தேயிலைக்கு 4 நட்சத்திரம். கூட வரும் வரலாற்று மடிப்புத்தாளுக்கு 1 போதும், அதுவும் அச்சுக்காக.

போஹீ, காங்கூ, சூஷாங் மூன்றும் கறுப்பு. சிங்லோவும் ஹைசனும் பச்சை. பட்டியல் சரி, அளவுதான் இடிக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காட்டிய கணக்கில் நஷ்டமானது 340 பெட்டி, மதிப்பு 9,659 பவுண்டு. அதில் போஹீ மட்டும் 240. சிங்லோ 60, காங்கூ 15, ஹைசன் 15, சூஷாங் 10. போஹீப் பெட்டிகள் உருவத்திலும் பெரியவை. ஆகவே 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் போஹீ வைத்திருக்க வேண்டும். அன்றைக்குச் சாமானியர் குடித்தது அதைத்தான். 20 கிராம் என்றால் ஆறு கப்போடு தீர்ந்துவிடும்.

போஹீ டப்பாவைத் திறந்தால் பெரிய இலைத் துண்டு, காம்பு, அடியில் கொஞ்சம் தூள், லேசான விறகுப் புகை வாசம். மட்டமான சரக்கு என்று திருப்பி அனுப்ப வேண்டாம், அதன் குணமே அதுதான். சீனாவின் ஊயி மலைப் பெயர் ஃபூஜியன் பேச்சில் திரிந்துதான் போஹீ ஆனது. நம் தேயிலையில் இருக்கும் ‘தே’வும் அந்தக் கரையோரத்துச் சொல்தான். 200 மில்லி தண்ணீருக்கு 3 கிராம், கொதி அடங்கியதும் ஊற்றி 4 நிமிடம் மூடி வைத்தால் செம்மண் நிறத்தில் இறங்கும். போர்வெல் தண்ணீர் என்றால் மேலே ஆடை மாதிரி படலம் கட்டும். அது சுண்ணாம்புச் சத்தின் வேலை, இலையின் குறையில்லை. கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பச்சை இரண்டையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கசந்துவிடும். 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கொதித்த தண்ணீரை டம்ளருக்கும் டபராவுக்கும் இரண்டு தடவை ஆற்றிவிட்டு 2 கிராம் இலையைப் போட்டு 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள். ஹைசனின் முறுக்கிய இலை அடியில் விரிவதைக் கண்ணாடி டம்ளரில் பார்க்கலாம். அதே இலையில் இன்னொரு தடவையும் இறக்கலாம். செட்டில் முதலிடம் இதற்குத்தான்.

பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடும் நம் பழக்கம் இங்கே எடுபடாது. முழு இலைக்கு டஸ்ட் டீயின் திடம் கிடையாது, பால் அதை விழுங்கிவிடும். புகையூட்டிய சூஷாங்கில் பால் ஊற்றினால் அடிப்பிடித்த பால் வாசம்தான் வரும். காங்கூ மட்டும் ஒரு ஸ்பூன் பால் தாங்கும்.

இனி மடிப்புத்தாள். மூடியில் யானையும் மலைத் தோட்டமும் வரைந்திருக்கிறார்கள். கொட்டியது முழுக்கச் சீனத் தேயிலை. அஸ்ஸாம் தேயிலை லண்டனில் ஏலத்துக்கு வந்ததே 1839இல். உள்ளே அதைவிடப் பெரிய பிழை: ‘தேயிலை வரியை ஏற்றியதால் விலை தாங்காமல் மக்கள் கொதித்தனர்.’ நடந்தது நேர்மாறு. பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற வரியை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காலனிகள் மீது 1767இலேயே போட்டது. 1770இல் கண்ணாடி, காகிதம், ஈயம், பெயின்ட் மீதான வரிகளை எடுத்துவிட்டுத் தேயிலைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். பலர் டச்சுக் கடத்தல் சரக்குக்குப் போக, லண்டன் கிடங்குகளில் கம்பெனிச் சரக்கு தேங்கியது. 1773 மே மாதம் அதே நாடாளுமன்றம் போட்ட சட்டம், கம்பெனி அதைத் தன் ஏஜென்ட்டுகள் வழியாக நேரே அமெரிக்காவுக்கு அனுப்பவிட்டது, இங்கிலாந்தில் கட்டிய தீர்வையையும் திருப்பித் தந்தது. விலை இறங்கியது. 3 பென்ஸ் அப்படியே நின்றது.

சிக்கலே அந்த மலிவில்தான். வாங்கிக் குடித்தால், தங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாத நாடாளுமன்றம் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். உள்ளூர் வியாபாரிகளுக்கும் பிழைப்பு போகும்; பாஸ்டன் ஏஜென்ட்டுகளில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் சொந்த மகன்கள்!

அந்த இரவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் தாளில் இல்லை. தேயிலையோடு டார்ட்மவுத் கப்பல் வந்தது நவம்பர் 28. 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைக் கைப்பற்றலாம். கெடு டிசம்பர் 17. பிலடெல்பியாவுக்குப் பிறகு வந்த கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பாஸ்டனில் கப்பல் திரும்பிப் போக ஆளுநர் அனுமதிச்சீட்டு தரவில்லை. ‘பெட்டிகளைத் தூக்கி எறிந்தனர்’ என்பதும் அரைகுறை. கோடரியால் உடைத்து இலையைக் கொட்டினார்கள். தண்ணீர் வற்றியிருந்த நேரம், தேயிலை கப்பலோரம் மேடாகக் குவிந்தது.

அடுத்த வரியிலேயே அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776 ஜூலை 4க்குத் தாவிவிடுகிறது தாள். தேயிலைக்கு ஈடு கட்டும்வரை பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை 1774 ஜூன் 1 முதல் மூடியதும், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனியின் சாசனத்தைத் திருத்தியதும், அதைப் பார்த்து 12 காலனிகள் செப்டம்பரில் பிலடெல்பியாவில் கூடியதும், 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டனில் போரின் முதல் துப்பாக்கி வெடித்ததும் எங்கே? வட கரோலினா காலனியின் எடென்டன் ஊரில் 1774 அக்டோபரில் 51 பெண்கள் கையெழுத்திட்டுக் கம்பெனித் தேயிலையைத் தள்ளிவைத்தார்கள். அப்படித் தள்ளிவைத்தவர்கள் குடித்தவற்றில் ஒன்றான ராஸ்பெர்ரி இலையை ஆறாவது பொட்டலமாக வைத்திருந்தால் செட் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

வாங்கினால் முதலில் சூஷாங் டப்பாவைத் தனியே எடுத்து வையுங்கள். மூடி லூஸ், ஒரு வாரத்தில் ஹைசனிலும் புகை ஏறிவிடும். பெருங்காய டப்பா இருக்கும் அலமாரியும் வேண்டாம்.