குன்னூரில் கிளட்ச் மாற்றிய அனுபவம்: பெயர்ப் பலகை இல்லாத ஒரு பட்டறை

கோத்தகிரியில் குடியிருந்துகொண்டு, அம்மாவின் சிகிச்சைக்காக மாதம் மூன்று நான்கு முறை கோவைக்கு இறங்கி ஏறுகிறவள் நான். என்னுடையது 2014ஆம் ஆண்டு வாங்கிய மாருதி வேகன்ஆர். 1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், கேபிளில் இயங்கும் கிளட்ச். சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, குஞ்சப்பனையைத் தாண்டி இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த எஞ்சின் சத்தம் மட்டும் கூடியதே தவிர வண்டி வேகமெடுக்கவில்லை. சற்று நேரத்தில் ரப்பர் கருகுவது போன்ற ஒரு நாற்றம் உள்ளே வந்தது. பின் இருக்கையில் அம்மா படுத்திருந்தார். மழை, மூடுபனி, பின்னால் தேயிலை ஏற்றிய லாரி ஒன்று. முதல் கியரிலேயே அரவேணு வரை ஊர்ந்து வந்து சேர்ந்த அந்த நேரத்தை நான் எளிதில் மறக்கமாட்டேன்.

என்னை வருத்தியது பயம் மட்டுமன்று. பதினெட்டு மாதங்களுக்கு முன்புதான், சமவெளியில் உள்ள ஒரு பட்டறையில் இதே வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தேன். அதற்குப் பிறகு ஓடியது 14,000 கி.மீ. மட்டுமே. அவர்களைத் தொலைபேசியில் கேட்டபோது, "மலையில ஓட்டினா அப்படித்தான் மேடம், நீங்க கிளட்ச்சுல கால் வெச்சே ஓட்டுறீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் சொன்ன அந்தத் தீர்ப்பு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே இம்முறை மலையிலேயே, மலை வண்டிகளை நாள்தோறும் பிரித்துப் பார்க்கிறவர்களிடம் காட்டுவது என்று முடிவு செய்தேன். பள்ளியில் உடன் பணிபுரிபவர் ஒருவர் வழி சொல்ல, குன்னூரிலிருந்து வெலிங்டன் பக்கம் போகும் வழியில் உள்ள இந்தப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரையும் வாசலில் அடுக்கிய பழைய டயர்களும்தான் அடையாளம். உரிமையாளரும் இரண்டு பையன்களும் வேலை பார்க்கிறார்கள்.

வண்டியை விட்டதும் "கிளட்ச் போயிடுச்சு, மாத்தணும்" என்று அவர் சொல்லவில்லை. முதலில் மிதியைக் கையால் அழுத்தி, கேபிளின் தளர்வை அளந்தார். கேபிள் இறுகிப் போயிருந்தால், நாம் காலை எடுத்த பிறகும் கிளட்ச்சின் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை நெருக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். பிளேட் நன்றாக இருந்தாலும் அப்போது வழுக்கும். அதனால் அதைச் சரிபார்க்காமல் கியர்பாக்ஸை இறக்குவது தவறு என்றார். தளர்வு சரியாகவே இருந்தது. பிறகு சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டார். நல்ல கிளட்ச்சாக இருந்தால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். என் வண்டியில் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தச் சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்யக் கூடாது, மிச்சமிருக்கும் உராய்வுப் பொருளும் எரிந்துவிடும் என்று சொல்லி உடனே அணைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் போனபோது கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருந்தது. இந்த வகை முன்சக்கர இழுவை வண்டியில் கிளட்ச்சைத் தொட வேண்டுமானால் பேட்டரி, ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், முன் ஆக்ஸில்கள் எல்லாவற்றையும் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையோடு ஜாக்கி கொடுத்துத் தாங்கிய பிறகுதான் கியர்பாக்ஸைப் பிரிக்க முடியும். கூலியில் பெரும்பகுதி இதற்கே போகிறது. ஒரு பிளேட்டை மட்டும் மாற்றிச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது ஏன் பொருளற்றது என்பதும் இதனால்தான்: மீண்டும் ஒருமுறை இறக்க நேர்ந்தால் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு கூலி கொடுக்க வேண்டும்.

அவர் என்னை அருகில் அழைத்துப் பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார். "டீச்சர், இந்த ஆணிக் குழியில நகத்தை வெச்சுப் பாருங்க" என்றார். உராய்வுப் பட்டையைப் பிளேட்டோடு பிணைக்கும் ரிவெட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு குழிக்குள் அமுங்கியிருக்க வேண்டும். என் விரல் நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கிப் போனது. பட்டை ரிவெட் தலையின் மட்டம் வரை தேய்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் உட்புற விளிம்பை ஒட்டி, நாணய அகலத்துக்குப் பளபளப்பான கருமை படிந்திருந்தது. அவர் அதை விரலால் வழித்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினார். கியர் ஆயிலுக்குக் கந்தகம் கலந்த ஒரு காட்டமான வாடை உண்டு. இதில் அது இல்லை. இது எஞ்சின் ஆயில் என்றார். எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலுக்குக் கீழே டார்ச்சை அடித்துக் காட்டியபோது, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீலிலிருந்து ஈரக் கோடு ஒன்று இறங்கியிருப்பது எனக்கும் தெரிந்தது.

காரணம் அங்கே இருந்தது. ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே நெருக்கிப் பிடிக்கப்பட்டு, அந்தப் பிடிமானத்தாலேயே எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது கிளட்ச் பிளேட். அதில் எண்ணெய் பட்டுவிட்டால் பிடி நழுவும், நழுவினால் சூடேறும், சூடேறினால் தேய்மானம் பல மடங்காகும். சூட்டின் தழும்பு ஃபிளைவீலில் நீலத் திட்டுகளாக நின்றது. முந்தைய பட்டறை பிளேட்டை மட்டும் மாற்றியிருக்கிறது. ரிலீஸ் பேரிங் அழுத்தும் விரல் போன்ற தகடுகள் தேய்ந்த பழைய பிரஷர் பிளேட்டையும், கண்ணாடி போல் வழவழத்துப் போன ஃபிளைவீலையும் அப்படியே வைத்து மூடியிருக்கிறது. சீல் அப்போதே கசிந்ததா, பிறகு கசியத் தொடங்கியதா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் இவர். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசாத அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

அதே நேர்மையோடு என் பிழையையும் அவர் சொன்னார். வேலை முடிந்து சிம்ஸ் பூங்கா ஏற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் சுற்றுலாப் பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது. நான் பிரேக்கைத் தொடாமல், பாதிக் கிளட்ச்சிலும் கொஞ்சம் ஆக்சிலரேட்டரிலும் வண்டியைச் சரிவில் தொங்கவிட்டு நின்றேன். "பாருங்க டீச்சர், இப்ப பிளேட்தான் வண்டியத் தாங்குது, ஹேண்ட் பிரேக் சும்மா இருக்குது" என்றார். ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மலைப்பாதையின் விதிதான்; ஆயினும் கொண்டை ஊசி வளைவில் இறங்கும் பேருந்துக்கு முழுச் சாலையும் தேவைப்படுவதால், ஏறுகிறவர்கள் சரிவிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கி.மீ. தூரத்தில் 1,400 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். சீசன் நெரிசலில் அத்தனை இடங்களிலும் இப்படித் தொங்கினால் எந்தப் பிளேட்டும் தாங்காது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கிளட்ச் கவ்வும்போது வண்டியின் மூக்கு லேசாக எழுவதை உணர்ந்து, பிறகு பிரேக்கை விடுவதை அவர் மூன்று முறை செய்ய வைத்தார். பதினோரு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். இதை யாரும் எனக்கு இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்ததில்லை.

பூட்டுகிற வேலையை நான் பெரும்பாலும் நின்று பார்த்தேன். ஃபிளைவீலை லேத்துக்கு அனுப்பி, மேற்பரப்பைச் சமமாகக் கடைந்து வாங்கினார்கள். கிளட்ச்சை மூடியிருக்கும் கூண்டுக்குள் படிந்திருந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுத்தார்கள். அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று பையன்களை முகக்கவசம் அணியச் செய்திருந்தார். புதிய பிரஷர் பிளேட்டின் மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசி வரும் எண்ணெயை முழுதாகத் துடைத்தார். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பற்களில் கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவி, மிகுந்ததை வழித்துவிட்டார். அதிகமானால் சுழற்சியில் தெறித்துப் பட்டையில் ஒட்டும். எந்தப் பக்கம் ஃபிளைவீலை நோக்க வேண்டும் என்று பிளேட்டில் இருந்த குறியை என்னிடமும் காட்டினார். நடுவைச் சரிபார்க்கும் தண்டைச் செருகிக்கொண்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ஒரு பக்கமாக இறுக்கினால் பிரஷர் பிளேட் வளைந்து, வண்டி எடுக்கும்போது நடுக்கம் வருமாம்.

செலவு விவரம்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட் ரூ.4,150, புதிய கேபிள் ரூ.420, ஆயில் சீல் ரூ.280, கியர் ஆயில் ரூ.700; லேத் வேலை ரூ.500, கூலி ரூ.3,200. மொத்தம் ரூ.9,250. வேலியோ, லூக் என இரண்டு நிறுவனங்களின் செட்டுக்கும் விலை கேட்டுச் சொல்லி, தேர்வை என்னிடமே விட்டார். பெட்டியை என் முன்னால்தான் பிரித்தார். கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தது எனக்குப் பெரிதாகப் பட்டது.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் என்று சொன்னது நான்கு நாளாயிற்று. ஆயில் சீல் இங்கே கிடைக்காமல் கோவையிலிருந்து பேருந்தில் வர வேண்டியிருந்தது. நடுவே மழையில் ஒரு நாள் வேலையே நடக்கவில்லை. இது அவர்கள் கையில் இல்லாதது. ஆனால் தாமதமாகும் என்பதை ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லியிருக்கலாம். கைப்பேசியை வேலை நேரத்தில் எடுப்பதே இல்லை. அம்மாவின் ஒரு மருத்துவமனை நாளை நான் வாடகைக் காரில் ஈடுகட்ட வேண்டியதாயிற்று. செலவு மதிப்பீட்டை வாய்மொழியாகத்தான் சொல்கிறார். கேட்டு வாங்கினால்தான் தாளில் எழுதித் தருகிறார். உட்கார்ந்து காத்திருக்க இடமில்லை, பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் இல்லை. இதை அவரிடமே சொன்னேன், மறுக்காமல் கேட்டுக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே கணினிக் கருவி எதுவும் கிடையாது. கிளட்ச் மிதி இல்லாமல் தானாகவே கியர் மாறும் ஏஎம்டி வண்டிகளில் புதிய கிளட்ச்சின் கவ்வும் இடத்தை ஸ்கேனர் வழியாக வண்டிக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்குப் போவதே நல்லது. அவரும் அப்படித்தான் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். சாதாரண மேனுவல் கியர் சிறிய கார்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

முதல் 500 கி.மீ. வரை மென்மையாக ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். 1,000 கி.மீ. ஆனதும் கட்டபெட்டு வழியாக மீண்டும் குன்னூர் போய்க் காட்டினேன். கேபிளைச் சற்றுத் தளர்த்தி, அடியில் டார்ச் அடித்துச் சீல் உலர்ந்திருப்பதைக் காட்டிவிட்டு, பணம் வாங்க மறுத்தார். இன்று 3,200 கி.மீ. ஓடிவிட்டது. குஞ்சப்பனை வளைவுகளில் வண்டி இரண்டாவது கியரில் தடையின்றி ஏறுகிறது, மிதி லேசாக இருக்கிறது, நாற்றம் இல்லை. ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் போனால் உரிமையாளரையே பார்த்துப் பேசலாம். மதிப்பீட்டைத் தாளில் எழுதித் தரும்படி மறவாமல் கேளுங்கள்.