பத்துக்குப் பன்னிரண்டு ரூமை எதை வைத்து அளப்பது: கைதட்டலா, போனா, மைக்கா?

வீட்டு அறையை ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆக்க, "எதிரொலியைக் குறைக்க ரூமுக்கு எவ்வளவு ஃபோம் ஒட்டணும்?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அளந்து பார்த்தீர்களா என்பதுதான். கைதட்டிப் பார்த்தோம் என்பார்கள், இல்லாவிட்டால் போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தோம் என்பார்கள். இரண்டும் தப்பில்லை, ஆனால் நமக்கு வேண்டிய விடை அந்த இரண்டிலும் கிடைக்காது.

வேலூர் வீடுகளில் ஸ்டுடியோவாக மாறுகிற அறை எப்படி இருக்கும் என்று தெரிந்ததுதான். மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு பெட்ரூம், உயரமும் பத்தடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸில் (ஒரு செகண்டுக்கு 56 அதிர்வு) ஒலி தேங்கும், அதாவது அந்த ஸ்வரம் மட்டும் பெருத்து இழுக்கும், பன்னிரண்டு அடிப் பக்கத்தில் 47 ஹெர்ட்ஸில். ஒலியின் வேகத்தை அந்த நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வருகிற கணக்கு, யார் வேண்டுமானாலும் போடலாம். அகலமும் உயரமும் ஒரே அளவு என்பதால் 56 இரண்டு தடவை விழுகிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ், அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் அறை கும்மென்று எழுந்தால் வாசிக்கிறவரைத் திட்டிப் பயனில்லை. இதில் இன்னொன்று, வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் அறைகள் பல ஜிப்சம் போர்டு சுவர் உள்ளவை, அது அதிர்ந்து பேஸை, அதாவது கனத்த அடி ஒலியை, கொஞ்சம் தின்றுவிடும், கொஞ்சத்தை வெளியேயும் விட்டுவிடும். நம்ம செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படி விடாது. அதனால் இங்கே முதலில் அளக்க வேண்டியது 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அங்கே எது உண்மையைச் சொல்கிறதோ அதுதான் என் கணக்கில் நல்ல கருவி.

கைதட்டலும் பலூனும். செலவில்லாத வழி. காலி அறையில் தட்டினால் "ட்ர்ர்ர்" என்று ஒரு உலோகச் சத்தம் வருமே, அந்த ஃபிளட்டர் எக்கோவைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே ஒலி ஒருமுறை போய்த் திரும்ப சுமார் 18 மில்லிசெகண்ட்தான் ஆகும், அது வரிசையாகத் திரும்பித் திரும்பி வருவதைத்தான் காது பிடிக்கிறது. எந்தச் சுவர் என்று நடந்து நடந்து தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் கைதட்டலில் பேஸ் கிடையாது. பலூனில் கொஞ்சம் உண்டு, பெரிய பலூன் என்றால் இன்னும் கொஞ்சம், என்றாலும் இரண்டு பலூன் ஒரே மாதிரி வெடிக்காது, ஆகவே ட்ரீட்மென்ட்டுக்கு (ஃபோம் மாதிரி ஒட்டிச் சரிசெய்வதற்கு) முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது. லட்சுமி வெடி யோசனை வேண்டாம், மைக்கும் காதும் சேர்ந்து போய்விடும்.

இப்படித் தட்டிப் பார்த்துவிட்டு 'ஆர்.டி. 60 இவ்வளவு', அதாவது ஒலி 60 டெசிபெல் அடங்க இவ்வளவு நேரம், என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. அந்த அளவு பெரிய கூடங்களுக்காகப் பிறந்தது. 1890களில் ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் ஒரு ஆர்கன் குழாயையும் நேரமானியையும் தன் காதையும் வைத்து ஒரு விரிவுரைக் கூடத்தில் ஒலி அடங்கும் நேரத்தை அளந்ததில் தொடங்கியது. நம்ம அறை மொத்தமே 34 கன மீட்டர். ஒலி அரை செகண்டில் அடங்குகிறது என்று வைத்தால்கூட, சுமார் 240 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி அறை முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை, ஒவ்வொரு தேக்கமும் தனித்தனியாக இழுக்கும். அங்கே ஒற்றை எண் எதையும் சொல்லாது. எந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று காட்டும் வாட்டர்ஃபால் படம் வேண்டும்.

போன். ஆப்கள் அழகாகக் கோடு போடுகின்றன. ஆனால் பேச்சுக்காகச் செய்த மைக் அது. பல போன்களில் அடிப்பகுதி ஒலியைச் சிஸ்டமே வெட்டும், சத்தம் கூடினால் தானாகக் குறைக்கும், இரைச்சலையும் நீக்கப் பார்க்கும். ஆகவே 50 ஹெர்ட்ஸில் கோடு சரிந்தால் சரிந்தது அறையா போனா என்று தெரியாது. நெடுஞ்சாலை ஓரம் சத்துவாச்சாரியில் வீடு என்றால், எந்த நேரத்தில் லாரி இரைச்சல் குறைவு என்று பார்க்க மட்டும் போனை வைத்துக்கொள்ளுங்கள், அந்த வேலைக்கு அது போதும்.

கம்ப்யூட்டரில் நேராகச் சொருகும் யு.எஸ்.பி. மைக்கா, மூன்று முனை ஆடியோ கேபிளில் வரும் எக்ஸ்.எல்.ஆர். மைக்கா? உண்மையான போட்டி இங்கேதான். இரண்டுக்கும் மென்பொருள் ஒன்றே, ரூம் ஈக்யூ விசார்ட், இலவசம். அடியிலிருந்து உச்சிவரை வழுக்கிக்கொண்டு போகும் ஒரு ஸ்வீப்பை ஸ்பீக்கரில் விட்டு, மைக்கில் வாங்கி, அறையின் குணத்தைப் பிரித்தெடுக்கும்.

மினிடிஎஸ்பியின் யூமிக்-1 யு.எஸ்.பி. வகை. சொருகினால் முடிந்தது. அந்தந்த மைக்கின் சீரியல் எண்ணுக்கே தனி காலிப்ரேஷன் ஃபைல் (அந்த மைக்கின் பிழையைத் திருத்தும் அட்டவணை) கிடைக்கும், அதில் மைக்கின் உணர்திறனும் இருப்பதால் டெசிபெல் அளவும் நேராக வந்துவிடும். குறை என்னவென்றால், மைக்குக்குள் ஒரு கடிகாரம், ஸ்பீக்கருக்கு ஒலி அனுப்பும் கருவியில் இன்னொரு கடிகாரம். இரண்டும் நூலிழை விலகும். பல ஸ்வீப்களைச் சராசரி எடுப்பதைவிட நீளமான ஒரே ஸ்வீப் விடுவதுதான் இதில் சரி, இடது வலது ஸ்பீக்கர்களின் நேர வித்தியாசம் பார்க்க மென்பொருளின் அக்கவுஸ்டிக் டைமிங் வசதியையும் போட வேண்டும்.

பெரிங்கர் இ.சி.எம். 8000, டேட்டன் இ.எம்.எம்.-6 போன்றவை எக்ஸ்.எல்.ஆர். வகை, கேபிள் வழியே வரும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபாண்டம் பவர், கேட்கும். ரெக்கார்டிங் பண்ணுகிறவரிடம் அதைத் தரும் இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) ஏற்கெனவே இருக்கும். ஒரே கடிகாரம், ஒரு கேபிளை அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குச் சொருகினால் நேரமும் துல்லியம். டேட்டனுக்குத் தனி காலிப்ரேஷன் உண்டு. பெரிங்கருக்கு அப்படித் தனி ஃபைல் இல்லையே என்று தயங்குவார்கள், ஆனால் இந்த மாதிரிச் சின்ன ஓம்னி (எல்லாத் திசையும் கேட்கும்) மைக்குகள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடுவது மேல் அதிர்வெண்களில்தான், நம்ம தலைவலியோ கீழே. அதனால் இன்டர்ஃபேஸ் உள்ளவருக்கு என் ஓட்டு எக்ஸ்.எல்.ஆருக்கே.

பாடுவதற்கு வைத்திருக்கும், முன்பக்கம் மட்டும் அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக்கை இதற்கு நிறுத்தாதீர்கள். பின்னாலிருந்து வரும் எதிரொலியை ஒதுக்கத்தானே அதைச் செய்தது, அந்த எதிரொலியைத்தானே நாம் அளக்கிறோம்.

திருத்தும் மென்பொருள். சவுண்ட்ஐடி ரெஃபரன்ஸ் மாதிரி விலைக்கு வருபவை மைக்கை அங்கங்கே நகர்த்தி அளந்து, தாங்களே ஈக்யூவும் (எந்த ஹெர்ட்ஸை ஏற்ற, எதை இறக்க என்ற திருத்தம்) போட்டுத் தரும். ஒலி அதிகமாகும் மேடுகளைத் தட்டுவதில் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஒலி காணாமல் போகும் பள்ளம் வேறு விஷயம். ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 143 ஹெர்ட்ஸில் நேர் ஒலியை ரத்தாக்கிவிடும். அங்கே ஈக்யூவை ஏற்றினால் ஸ்பீக்கர்தான் திணறும், பள்ளம் அப்படியே கிடக்கும். ஸ்பீக்கரை நகர்த்துவதுதான் வழி, எவ்வளவு நகர்த்த என்று இலவச மென்பொருளே காட்டும். முதல் செலவாக இதை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும், அளக்கும்போது ஃபேனை நிறுத்த வேண்டும், ஏசியையும்தான். கத்திரி வெயிலில் இது தண்டனை, ஆனால் காற்று அசைந்தால் அளவும் அசையும். வெயில் வேறு விதத்திலும் விளையாடும்: 20 டிகிரியில் 56 ஹெர்ட்ஸில் இருந்த தேக்கம் 40 டிகிரியில் 58க்கு ஏறும், ஏனென்றால் சூட்டில் ஒலி வேகமாகப் போகும். மார்கழியில் அளந்து ஊசிமுனை ஈக்யூ போட்டு வைத்தவர் மே மாதம் திரும்ப அளக்கட்டும். ஸ்வீப் போகும்போது இரும்பு பீரோவின் கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி எல்லாம் உதறும், அதையும் கவனித்துத் துணி வையுங்கள். அப்புறம், படத்தை மூன்றில் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) அகலத்துக்குச் சராசரியாக்கி, வழவழப்பாக்கிப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டாம், பேஸைப் பார்க்க ஆக்டேவில் 48ல் ஒன்று, இல்லாவிட்டால் வழவழப்பே இல்லாமல்.

லேப்டாப் மட்டும் இருக்கிறவருக்கு யூமிக், இன்டர்ஃபேஸ் இருக்கிறவருக்கு டேட்டன் அல்லது பெரிங்கர். இந்த மைக்குக்கு வருஷத்தில் சில நாள்தான் வேலை, மற்ற நாளெல்லாம் பெட்டியில் தூங்கும். ஆகவே காட்பாடியில் ஒருவர், பாகாயத்தில் ஒருவர் என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது நல்ல யோசனை. கைமாற்றும்போது காலிப்ரேஷன் ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள், அது அந்த ஒரு மைக்குக்கு மட்டும்தான் பொருந்தும்.