பின்னாலிருந்து லேசாக ஓர் இடி: ஹேட்ச்பேக், செடான், எஸ்யூவி எப்படித் தாங்குகின்றன?

சிக்னலில் நிற்கும் வண்டியைப் பின்னால் வந்தவர் இடித்துவிட்டால், இருவரும் இறங்கி முதலில் பார்ப்பது பம்பரைத்தான். யாருடையதில் கீறல் குறைவோ அந்த வண்டிக்கு ‘நல்ல பாடி’ என்று பெயர். இந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. இடித்த வேகம் எங்காவது செலவாகித்தான் தீரும். தகடு அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கழுத்து வாங்கும்.

பழைய இரும்பு பம்பரை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கார்களில் வெளியே தெரியும் பிளாஸ்டிக் வெறும் மூடி. வேலை செய்வதெல்லாம் அதன் பின்னால் இருப்பவை: ஒரு நுரைப்பட்டை, குறுக்கே ஓடும் பீம், பீமைப் பாடியோடு இணைக்கும் ‘கிராஷ் பாக்ஸ்’ எனும் இரண்டு குட்டைப் பெட்டிகள். அந்தப் பெட்டிகள் நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. போல்ட் போட்டு மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டலாம். வெல்டிங்காக இருந்தால் வெட்டி ஒட்ட வேண்டும், டிங்கரிங் செலவு எகிறும். இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது கதவைத் தட்டித் தகட்டின் கனம் பார்ப்பதைவிட இதை விசாரிப்பது உருப்படியான காரியம்.

‘லேசான இடி’ என்றால் எவ்வளவு வேகம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவில் கார் பம்பர்களுக்கான சோதனை வேகம் மணிக்கு சுமார் 8 கிலோமீட்டராக இருந்தது. 1982-ல் அதைப் பாதியாக, 4 கிலோமீட்டருக்குக் குறைத்தார்கள். காப்பீட்டுத் துறையின் ஆய்வு மையங்கள் சேர்ந்து நடத்தும் ஆர்சிஏஆர் அமைப்பின் சோதனையில் 1,400 கிலோ எடையுள்ள தள்ளுவண்டி ஒன்று 15 கிலோமீட்டர் வேகத்தில் காரின் பின்புறத்தில் மோதும். 5 கிலோமீட்டரில் வந்து இடிப்பதற்கும் 15-ல் இடிப்பதற்கும் வேகத்தில் மூன்று மடங்கு வித்தியாசம், மோதும் ஆற்றலிலோ ஒன்பது மடங்கு. ‘மெதுவாகத்தானே வந்தேன்’ என்பவரின் பேச்சும் கசங்கிய டிக்கியும் ஒத்துப்போகாததற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஹேட்ச்பேக்கின் பலவீனம் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. பின்சக்கரத்துக்குப் பிறகு அதிக நீளம் கிடையாது, மேலே தூக்கித் திறக்கும் பின்கதவான டெயில்கேட் பம்பரை ஒட்டியே நிற்கும். பீம் கொஞ்சம் உள்ளே போனாலும் டெயில்கேட்டின் அடிப்பகுதி அடி வாங்கும், பூட்டு சரியாக விழாது, சில வேளை கண்ணாடியும் போகும். செடானில் டிக்கியின் நீளம் கைகொடுக்கிறது. அடி தரைத்தகட்டிலும் ஸ்டெப்னி குழியிலும் பரவி அங்கேயே அடங்கிவிட வாய்ப்பு அதிகம். ஆனால் மடிந்த தரைத்தகட்டை நிமிர்த்துவது பெரிய வேலை. நிமிர்த்தியதில் குறை இருந்தால் அடுத்த மழையில் டிக்கிக்குள் தண்ணீர் நிற்கும்.

எஸ்யூவி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மயக்கம் அங்கேதான் அதிகம். எடை தரும் சாதகம் உண்மையானது. சம எடையுள்ள கார் 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதி, இரண்டும் ஒட்டியபடி சேர்ந்தே நகர்ந்தால், நின்ற வண்டி ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்துக்குத் தள்ளப்படும். நின்ற வண்டி இரண்டு மடங்கு கனமாக இருந்தால் 5 கிலோமீட்டர்தான். கழுத்துக்கு இது நல்லது.

சிக்கல் உயரத்தில். மேலே சொன்ன அமெரிக்க விதி, கார் பம்பர் தரையிலிருந்து சுமார் 40 முதல் 50 சென்டிமீட்டருக்குள் வேலை செய்ய வேண்டும் என்கிறது. எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும் அந்த விதி கிடையாது. போதாததற்கு, பின்னால் வருபவர் பிரேக்கை அழுத்தும்போது அவருடைய காரின் மூக்கு தாழும். எனவே கார் எஸ்யூவியின் பம்பருக்கு அடியில் நுழைகிறது. பீமுக்கு வேலையே வராது. முன்னால் நின்றவருக்கு ஒரு கீறல், பின்னால் வந்தவருக்கு ஹெட்லைட், பானெட், கண்டன்சர், ரேடியேட்டர் எல்லாம் காலி. எஸ்யூவி ‘ஜெயித்தது’ என்றால் இப்படித்தான் ஜெயிக்கிறது. டெயில்கேட்டில் ஸ்டெப்னி தொங்கும் மாடல்களில் இந்தக் கதை தலைகீழாகும். இடிப்பதும் உயரமான வண்டியாக இருந்தால் முதல் அடி ஸ்டெப்னிக்கு விழும், அது டெயில்கேட்டையும் கண்ணாடியையும் உள்ளே தள்ளும்.

ஏணி போன்ற தனி இரும்புச் சட்டத்தின் (சேஸ்) மேல் பாடியை ஏற்றிய லேடர் ஃப்ரேம் வண்டியில் இழுவைக் கொக்கியோ, சேஸில் நேராக மாட்டிய இரும்புத் தடுப்போ இருந்தால் பாடியில் ஒன்றும் ஆகாது. அதைத்தான் பலர் விரும்பி மாட்டுகிறார்கள். நான் மாட்டமாட்டேன். நசுங்க எதுவும் இல்லாதபோது அடி மிகக் குறைந்த நேரத்தில் சேஸுக்கும் சீட்டுக்கும் போய்ச் சேருகிறது. இடித்தவரின் காரில் கொக்கி ஒரே இடத்தில் குத்தி ரேடியேட்டர் வரை போய்விடும்.

கழுத்தைப் பொறுத்தவரை சீட்டுதான் உண்மையான பம்பர். பின்னாலிருந்து இடி விழுந்தால் முதுகு முதலில் முன்னே தள்ளப்படும், தலை பின்தங்கும். அந்த ஒரு கண நேர வித்தியாசத்தில்தான் கழுத்துச் சுளுக்கு. சாப் நிறுவனம் 1997-ல் தானாக முன்னே நகரும் ஹெட்ரெஸ்ட்டையும், வால்வோ 1998-ல் இடியை வாங்கிக்கொண்டு பின்னே சாயும் சீட்டையும் கொண்டுவந்தது இதற்காகத்தான். அப்படி எதுவும் இல்லாத காரிலும் ஹெட்ரெஸ்ட்டைத் தலையின் உச்சிவரை உயர்த்தி, பின்னந்தலைக்கு நெருக்கமாக வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே மாடலின் விலை குறைந்த வகையில் பின்சீட்டு ஹெட்ரெஸ்ட் உயர்த்த முடியாதபடி வருவதுண்டு. கண்ணாடிக் கூரைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

பிளாஸ்டிக் மூடிக்கு ஒரு கெட்ட குணம்: அடிபட்டதும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும், உள்ளே பீம் வளைந்ததைக் காட்டாது. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பெயிண்ட் வெடித்திருக்கிறதா, டெயில்கேட்டின் இரு பக்க இடைவெளியும் சமமா என்று கவனியுங்கள். பின்பம்பருக்குள் ரேடார் இருக்கும் கார் என்றால், அந்த இடத்தில் பட்டி வைத்துத் தடிமனாகப் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள், ரேடாரின் பார்வை கெடும்.

என் ஓட்டு, போல்ட் போட்ட கிராஷ் பாக்ஸும் நல்ல ஹெட்ரெஸ்ட்டும் உள்ள செடானுக்கு. அதே இரண்டும் இருந்தால் ஹேட்ச்பேக் இரண்டாவது. செலவு கூடலாம், ஆள் பத்திரம். மூன்று வரிசை வண்டி வாங்குகிறவர்கள் மட்டும் கடைசி வரிசையில் தாங்களே ஒருமுறை உட்கார்ந்து, தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் குழந்தைகளை அங்கே ஏற்றுவது பற்றி முடிவெடுக்கலாம்.