பத்தடிக்குப் பன்னிரண்டு: லயக் காம்பராவுக்கு எந்தக் கமரா, எந்த லென்ஸ்?

தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்குரிய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. சடங்கு வீடோ பிள்ளையின் முதல் பிறந்தநாளோ, சோடித்த நாற்காலி பின்சுவரோடு ஒட்டியிருக்கும். மாமன்மாரும் சித்திமாரும் இரண்டு பக்கமும் நிற்பார்கள். படம் எடுப்பவர் வாசல் நிலையில் முதுகைச் சாத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான்; அதற்குப் பின்னால் இஸ்தோப்பு (முன் விறாந்தை), இஸ்தோப்பு முழுக்கச் சனம். கமராவுக்கும் நாற்காலிக்கும் நடுவே மிஞ்சுவது மூன்று மீற்றர். வெளிச்சத்துக்கு ஒன்பது வாட் எல்ஈடி பல்ப் ஒன்று.

மலையகத்தில் குறைந்த காசில் கமரா வாங்குகிறவர் இந்த மூன்று மீற்றரையும் இந்த ஒற்றைப் பல்பையும் மனதில் வைத்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும். லிப்டன் சீட்டில் காலை வெயிலில் நின்றால் எந்தக் கமராவும் நல்ல படம் தரும். வித்தியாசம் தெரிவது லயத்துக்குள்ளும், இரவுத் திருவிழாவிலும், பனி மூடிய மலையிலும்தான்.

2022இல் ரூபாய் விழுந்த பிறகு புதுக் கமரா பலருக்கு எட்டாத தூரம் போய்விட்டது. அதனால் இங்கே பேசுவது பழைய கமராக்களைப் பற்றி. ஒப்பிடத் தகுந்தவை மூன்று: கெனன் 200டி (2017), நிக்கொன் டி3300 (2014) அல்லது அதன் தம்பி டி3500 (2018), சோனி ஏ6000 (2014). மூன்றும் ஏபிஎஸ்-சி அளவு சென்சர் (படம் பதியும் தகடு, முழுச்சட்ட அளவைவிடச் சிறியது), மூன்றும் 24 மெகாபிக்ஸல். பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் எது எந்தக் கமரா என்று சொல்ல முடியாது. ஆகவே கமராவைத் தள்ளி வைத்துவிட்டு லென்ஸிலிருந்து தொடங்குவோம்.

50ஆ, 35ஆ, 24ஆ?

"முதல்ல ஒரு 50 எடுங்க" என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. இந்த எண் லென்ஸின் மிமீ கணக்கு; எண் கூடக் கூடப் பார்வை குறுகும். எஃப் எண்ணோ குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். கெனன் 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம் (எஸ்டிஎம் என்பது அதன் போகஸ் மோட்டார் வகை) விலை குறைந்தது, 160 கிராம்தான், படம் கூர்மையாக இருக்கும். ஆனால் 200டியின் சென்சர் சிறியது என்பதால் அதில் மாட்டினால் முழுச்சட்டக் கமராவின் 80 மிமீ லென்ஸைப் போலப் பார்க்கும். கமராவை நெட்டையாகப் பிடித்து மூன்று மீற்றரிலிருந்து எடுத்தால் உயரத்தில் 1.34 மீற்றர், அகலத்தில் 90 சென்ரிமீற்றர்தான் சட்டத்துக்குள் வரும். நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளை அடங்கும். பக்கத்தில் அம்மா வந்து நின்றால் சேலைக் கரை வெட்டுப்படும், இல்லாவிட்டால் தலை வெட்டுப்படும். பின்னால் போக இடமில்லை.

நிக்கொன் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மிமீ எஃப் 1.8ஜி அதே மூன்று மீற்றரில் இரண்டு மீற்றரை அள்ளும். நெட்டையாகப் பிடித்தால் நிற்கும் ஆள் உச்சி முதல் பாதம் வரை அடங்குவார். படுக்கையாகப் பிடித்தால் நாற்காலியும் இருபுறம் ஒவ்வொருவரும் வருவார்கள். லயக் காம்பராவுக்கென்று அளவெடுத்துச் செய்தது போன்ற லென்ஸ் இது.

கெனன்காரருக்கு இதற்குப் பதில் 24 மிமீ எஃப் 2.8 எஸ்டிஎம். 125 கிராம், தட்டையான சின்ன லென்ஸ். 16 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போய் மருதாணிக் கையையும் எடுக்கலாம். மூன்று மீற்றரில் 2.8 மீற்றர் அகலம் வரும், குடும்பமே அடங்கும். ஆனால் எஃப் 2.8 என்பது எஃப் 1.8 உள்ளே விடும் வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவு. கெனனில் மலிவான அகல லென்ஸ் வெளிச்சம் குறைந்தது. மலிவான வெளிச்ச லென்ஸோ அகலம் குறைந்தது. இந்த இரண்டையும் ஒரே லென்ஸில், கைக்கெட்டும் விலையில் தருவது நிக்கொனின் 35தான். படம் எடுப்பதுதான் முதல் வேலை என்றால் என் தெரிவு இதனாலேயே நிக்கொன்.

சோனியில் சிக்மா 30 மிமீ எஃப் 1.4 இருக்கிறது. அகலமும் வெளிச்சமும் நிக்கொன் 35ஐ விட மேல். ஆனால் அந்த ஒரு லென்ஸின் விலை, பழைய ஏ6000 விலைக்குக் கிட்ட வந்து நிற்கும்.

கமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் போதாதா என்று கேட்பார்கள். பகலுக்குப் போதும். 18இல் வைத்தால் காம்பரா முழுவதும் வரும். சிக்கல் வெளிச்சத்தில். 35இல் வைக்கும்போது கிட் லென்ஸின் வாய் எஃப் 4.5 வரைதான் திறக்கும். ஐஎஸ்ஓ (சென்சரின் வெளிச்ச உணர்வு) 1600இல் அதற்கு 1/15 விநாடி தேவைப்படும் இடத்தில், எஃப் 1.8 லென்ஸுக்கு ஏறக்குறைய 1/100 போதும். ஆராத்தி சுற்றும் கை 1/15இல் வெறும் கோடாகிவிடும். லென்ஸுக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்றால், அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். குழந்தை தலையைத் திருப்புவதைத் தடுக்காது.

1/100 என்ற எண்ணுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே மலிவான எல்ஈடி பல்ப் விநாடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். 1/250 போன்ற வேகத்தில் எடுத்தால் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும், அல்லது அடுத்தடுத்த படங்களில் நிறம் மாறி மாறி வரும். 1/100 அல்லது 1/50இல் நிறுத்தினால் அது பெரும்பாலும் போய்விடும். கோயில் சோடனை விளக்குகளுக்கும் இதே கணக்கு.

எஃப் 1.8இல் ஒரு விலை கொடுக்க வேண்டும். இரண்டு மீற்றர் தூரத்தில் 50 லென்ஸில் கூர்மையாக வருவது முன்னும் பின்னுமாகப் பதினொரு சென்ரிமீற்றர். 35இல் ஒரு சாண். முன்வரிசையில் பிள்ளைகளும் பின்வரிசையில் பெரியவர்களும் நின்றால் எஃப் 4 வைத்தாக வேண்டும், அப்போது வெளிச்சத்தில் கிடைத்த லாபம் போய்விடும். பிளாஷ் போடலாமே என்றால், கூரையில் தட்டித் திருப்பும் வித்தை லயத்தில் பலிக்காது. தகரக் கூரை அடுப்புப் புகையில் கறுத்திருக்கும், வெளிச்சத்தைக் குடித்துவிடும். பச்சை, நீலம் பூசிய சுவரில் தட்டினால் முகத்துக்கும் அந்தச் சாயம் ஏறும். வெள்ளை வேட்டி ஒன்றை நான்காக மடித்து, உங்கள் தலைக்கு மேல் நிலைப்படியில் தொங்கவிட்டு, பிளாஷைப் பின்னால் திருப்பி அதில் தட்டுங்கள். வேலை செய்யும்.

ஏமாந்து வாங்கும் லென்ஸ்கள்

நிக்கொன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் போகஸ் மோட்டார் இல்லை. பழைய 50 மிமீ எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். பெயரில் "ஏஎஃப்-எஸ்" என்றோ "ஏஎஃப்-பி" என்றோ இருக்கிறதா என்று பாருங்கள்; அவற்றில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். ஏஎஃப்-பியிலும் ஒரு பொறி உண்டு: டி3200, டி5100, டி90 போன்ற பழையவற்றில் அது போகஸே ஆகாது, கையால் திருகினாலும் ஆகாது. டி3300க்கு மென்பொருளைப் புதுப்பித்த பிறகுதான் ஆகும்.

கெனன் 50இல் பழைய "II" வகையும் சுற்றிவருகிறது. கமராவில் மாட்டும் வளையம் பிளாஸ்ரிக், மோட்டார் கரகரக்கும். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் எஸ்டிஎம்மையே எடுங்கள்.

கமரா மூன்றும்

கல்யாண வீடியோவோ யூரியூபோ எண்ணத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம், 200டி. திரையைப் பார்த்து எடுக்கும்போது முகத்தைப் பிடித்துக்கொண்டு வழுக்காமல் போகஸ் செய்யும், திரை வெளியே மடங்கித் திரும்பும், மைக் செருகும் துளை உண்டு. நிக்கொன் இரண்டும் திரை வழியாகப் போகஸ் தேடி முன்னும் பின்னும் அலையும். வீடியோவுக்கு அது ஆகாது. டி3300இல் மைக் துளை இருக்கிறது, புதிய டி3500இல் எடுத்துவிட்டார்கள். ஏ6000இலும் இல்லை.

200டியும் "200டி மார்க் II"வும் ஒன்றென்று நினைத்து வாங்காதீர்கள். மார்க் IIவில் பிளாஷ் மாட்டும் மேல்தட்டின் நடுப்புள்ளி இல்லை. பழைய, மலிவான பிளாஷை மாட்டினால் எரியாது. தட்டை விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

பெட்டரியில் டி3500ஐ அடிக்க ஆளில்லை. தயாரிப்பாளர் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 1550 படம். 200டிக்கு 650, ஏ6000க்கு 360. சிவனொளிபாதமலை பருவகாலத்தில், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை, இரவில் ஏறுகிறவருக்கு இது பெரிய விசயம். உச்சி 2243 மீற்றர். அந்தக் குளிரில் பெட்டரி சொன்ன கணக்குக்கு முன்பே படுத்துவிடும். மாற்று பெட்டரியை பையில் வைக்காமல் சட்டையின் உள்பொக்கற்றில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள்.

ஏ6000 மூன்றிலும் மெலிந்தது, 344 கிராம். விநாடிக்கு 11 படம் எடுக்கும், 179 புள்ளிகளில் போகஸ் பிடிக்கும். தீமிதிப்புக்கும் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் லென்ஸைக் கழற்றியவுடன் சென்சர் வெளியே தெரியும். தேயிலைத் தூசும் மண்தூசும் நேரே போய் உட்காரும். மழைக்குத் தாங்கும் கட்டு இந்தக் கமராக்களில் எதற்கும் இல்லை.

குருவி எடுக்க ஆசைப்படுகிறவருக்குச் சுருக்கமாக: கெனன் 55-250 எஸ்டிஎம் அல்லது நிக்கொன் ஏஎஃப்-பி 70-300, இரண்டிலும் பெயரில் நடுக்கத் தடுப்பு எழுத்து (கெனனில் ஐஎஸ், நிக்கொனில் விஆர்) இருக்க வேண்டும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் மரநிழலில் தத்தும் ஆறுமணிக்குருவிக்கு இவற்றின் வெளிச்சம் சற்றுக் குறைவுதான். இது இரண்டாம் வருடத்துச் செலவு.

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் பங்காகச் சொல்கிறேன். கையிலிருப்பது பத்துப் பங்கு என்றால், கிட் லென்ஸோடு கமராவுக்கு ஐந்து, எஃப் 1.8 லென்ஸுக்கு மூன்று, மிச்சம் இரண்டு பங்கு இன்னொரு பெட்டரி, 32 ஜிபி காட் இரண்டு, தூசு தள்ளும் ஊதி, உலர்பெட்டி. கமராவுக்கே ஒன்பதையும் கொட்டிவிட்டு அலுமாரியில் வைக்கிறவர்கள் அடுத்த மழைக்காலத்தில் லென்ஸை இழப்பார்கள்.

வாங்கும் இடத்தில்

கைத்தொலைபேசியின் டோர்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நரம்பு கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சணம். ஓரத்தில் ஒரு பொட்டு என்றாலும் வேண்டாம். துடைத்து எடுத்தாலும் கண்ணாடிப் பூச்சை அது தின்றிருக்கும். தூசு இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. ஹற்றன், மஸ்கெலியா பக்கம் மே தொடக்கம் மழை. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி. அந்த மாதங்கள் முழுவதும் துணிப்பையில் கிடந்த லென்ஸ் என்றால் இரண்டு தரம் பாருங்கள்.

சென்சரைச் சோதிக்க மலையகத்தில் இனாமாகக் கிடைக்கும் வெள்ளைத் திரை பனிமூட்டம். எஃப் 16இல் வைத்து, போகஸைக் கலைத்துவிட்டு, பனியை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான சாம்பல் பொட்டுகள் சென்சர் தூசு, ஊதினால் போகும். இடம் மாறாமல் கூர்மையாக நிற்கும் கீறல் போகாது.

நிக்கொனும் சோனியும் எத்தனை படம் எடுத்தது என்ற எண்ணிக்கையைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். ஒரு படத்தை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். 200டி அப்படி எழுதாது. அங்கே கைப்பிடி இறப்பர் எவ்வளவு தேய்ந்து பளபளக்கிறது என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

பனியிலும் ஈரத்திலும்

பனி மூடிய தேயிலை மலையைக் கமரா தன் போக்கில் எடுத்தால் வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாக வரும். வெளிச்சத் திருத்தத்தை +0.7 அல்லது +1 வையுங்கள். போகஸ் பிடிக்காமல் லென்ஸ் தேடிக்கொண்டே இருந்தால், அதே தூரத்திலுள்ள சவுக்கு மரத்தின் கறுத்த தண்டு ஒன்றில் பிடித்து, பொத்தானை அரைவாசி அழுத்தியபடியே சட்டத்தை மாற்றி எடுங்கள்.

குளிரில் நின்றுவிட்டு, அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் குசினிக்குள் அப்படியே கமராவோடு நுழைந்தால் கண்ணாடி வியர்க்கும். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இறங்கினாலும் இதேதான். உள்ளே போகும் முன் வெளிக்குளிரிலேயே பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் ஈரம் பையின் வெளிப்புறத்தில் மட்டும் இருக்கும். அவசரத்தில் சேலை முந்தானையால் துடைத்துவிடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் மண்பொடி கண்ணாடியில் வட்டம் வட்டமாகக் கீறல் போடும். முதலில் ஊதி, பிறகுதான் துணி.

உலர்பெட்டிக்குப் பெரிய செலவில்லை. இறப்பர் விளிம்பும் பூட்டுக் கிளிப்பும் உள்ள பிளாஸ்ரிக் பெட்டி, 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சிலிக்காவுக்குப் பதில் அரிசி போடுகிறவர்கள் உண்டு. அரிசி ஈரத்தை அவ்வளவு இழுக்காது, அதன் மாவுதான் லென்ஸ் வளையத்துக்குள் இறங்கும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் போட்டு, மெல்லிய நெருப்பில், ஜன்னலைத் திறந்துவைத்து, மீண்டும் நீலமாகும் வரை கிளறுங்கள். முழுவதும் ஆறிய பிறகு பெட்டிக்குள் வையுங்கள். மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முள்ளைப் பாருங்கள்.